ஜெர்மானியத் தத்துவத்தில் கடவுளும் 'நான்' என்பதும்



தம்மத்தைத் தழுவிய நம்மவரை நோக்கி அயலார் அடிக்கடி கேட்கும் கேள்விகள் இரண்டு. "கடவுள் இல்லையென்றால் ஒழுக்கத்துக்குக் காவல் யார்?" என்பது ஒன்று. "ஆன்மா இல்லையென்றால் நல்வினை தீவினைகளுக்குப் பொறுப்பாளி யார்?" என்பது மற்றொன்று. இவை வெவ்வேறு கேள்விகள் போலத் தோன்றினும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே ஆகும். மனிதன் தன்னை எவ்வாறு எண்ணுகிறானோ அவ்வாறே தன் கடவுளையும் எண்ணுகிறான். கடவுட் கொள்கை அசைந்தால் 'நான்' என்னும் கொள்கையும் உடன் அசையும்.

இவ்வுண்மையைப் பௌத்த நூல்களிலிருந்தன்றி, பௌத்தத்தை அறியாத ஒரு நாட்டின் வரலாற்றிலிருந்து காட்டுவதே இப்பாடத்தின் நோக்கம். அந்நாடு ஜெர்மனி. காலம் 1781 முதல் 1844 வரை. அந்நாளில் ஜெர்மனி ஒரே அரசாக இருக்கவில்லை. மன்னர்களும் கோமகன்களும் ஆண்ட பல சிறு நாடுகளின் தொகுதியாகவே இருந்தது. ஒவ்வொரு நாட்டிலும் கிறிஸ்தவ சமயமே அரசின் சமயம். பல்கலைக்கழக ஆசிரியர்கள் அரசிடம் ஊதியம் பெற்றவர்கள். ஆதலால் கடவுளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதுவதும் பிழைப்பை இழக்கும் செயலாக முடியக்கூடும். இதனை மனத்திற் கொண்டு மேலே படியுங்கள்.

1. கான்ட் இழுத்த எல்லைக் கோடு

இம்மானுவேல் கான்ட் என்பவர் கோனிக்ஸ்பர்க் நகரில் 1724-ஆம் ஆண்டு பிறந்தார். தந்தையார் குதிரைச் சேணம் தைக்கும் தொழிலாளி. கான்ட் 1781-இல் வெளியிட்ட 'தூய அறிவின் ஆய்வு' என்னும் பெருநூல், அதுவரை ஐரோப்பியக் கல்விக் கூடங்களில் உறுதியென நம்பப்பட்ட இரண்டு கட்டடங்களைத் தகர்த்தது.

முதலாவது, ஆன்மாவைப் பற்றிய நிரூபணம். 'நான் எண்ணுகிறேன், ஆகவே எண்ணும் நான் என்பது பிரிக்க முடியாத, அழியாத ஒரு பொருள்' என்று பழைய அறிஞர் வாதித்தனர். கான்ட் இதனை மறுத்தார். எண்ணங்கள் ஒவ்வொன்றோடும் 'நான்' என்னும் உணர்வு உடன் வரக்கூடும் என்பது உண்மை. ஆயினும், உடன் வரும் ஒன்று தனிப்பொருளாக நிற்கும் என்பதற்கு அதுவே சான்றாகாது. எல்லாக் கணக்கேடுகளிலும் ஒரே கையொப்பம் இருப்பதனால் கையொப்பம் ஒரு மனிதனாகி விடாது.

இரண்டாவது, கடவுளைப் பற்றிய நிரூபணம். 'எல்லா நிறைவும் உடையவர் கடவுள். இருத்தல் என்பதும் ஒரு நிறைவு. ஆகவே கடவுள் இருக்கிறார்' என்பது பழைய வாதம். இருத்தல் என்பது ஒரு பொருளின் குணங்களில் ஒன்றாகாது என்று கான்ட் விடையிறுத்தார். மனத்தில் எண்ணிய நூறு வெள்ளி நாணயங்களும் கையிலுள்ள நூறு வெள்ளி நாணயங்களும் எண்ணிக்கையிலும் குணத்திலும் ஒன்றே. ஆனால் எண்ணிய நாணயத்தைக் கொண்டு கடனை அடைக்க முடியுமா?

ஆன்மாவும் கடவுளும் ஒரே நூலில், ஒரே முறையில், நிரூபணத்தை இழந்தமை காண்க. ஆயினும் கான்ட் அவ்விரண்டையும் முற்றிலும் கைவிடவில்லை. 1788-இல் வெளியிட்ட இரண்டாம் நூலில், அறவாழ்வு பொருளுடையதாக வேண்டுமானால் கடவுளும் ஆன்மாவின் அழியாமையும் உண்டென்று நம்பிக்கை வைக்கலாம் என்று கூறி, முன்வாயிலில் வெளியேற்றியவர்களைப் பின்வாயிலில் உள்ளே அழைத்துக் கொண்டார். இங்கும் இருவரும் சேர்ந்தே வெளியேறினர், சேர்ந்தே திரும்பினர். அவ்வளவு பணிவோடு எழுதியும், 1793-இல் சமயத்தைப் பற்றி அவர் எழுதிய நூலுக்காகப் பிரஷ்ய அரசன் 1794-இல் அவரைக் கண்டித்தான். அவ்வரசன் இருக்கும் வரையில் சமயத்தைக் குறித்து வாய் திறப்பதில்லை என்று எழுபது வயதான அம்முதியவர் வாக்களிக்க நேர்ந்தது.

2. நாடா நெசவாளியின் மகன்

சாக்சனி நாட்டில் ராமெனாவ் என்னும் சிற்றூர். அங்கே நாடா நெய்து பிழைத்த ஓர் ஏழைக் குடும்பத்தில் 1762-இல் யோகான் காட்லீப் பிக்டே பிறந்தார். சிறுவயதில் வாத்து மேய்த்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவில் பிரசங்கத்தைக் கேட்கத் தவறிய பிரபு ஒருவருக்கு, இச்சிறுவன் அப்பிரசங்கத்தை நினைவிலிருந்தே திரும்பச் சொன்னான் என்பர். வியந்த பிரபு அவனுடைய படிப்புச் செலவை ஏற்றார். கல்வி ஒருவனுக்குப் பிறர் அருளால் மட்டுமே கிடைத்த காலம் அது.

1791-இல் பிக்டே கோனிக்ஸ்பர்க் சென்று கான்ட்டைக் கண்டார். அடுத்த ஆண்டில் சமய வெளிப்பாட்டைப் பற்றி அவர் எழுதிய நூல், ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது. படித்தவர்கள் அதனைக் கான்ட்டே எழுதினார் என்று எண்ணிப் புகழ்ந்தனர். உண்மை ஆசிரியர் யார் என்பதைக் கான்ட் வெளியிட்டதும், முப்பது வயதான நெசவாளி மகன் ஒரே நாளில் நாடறிந்தவரானார். 1794-இல் யேனா பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார்.

அங்கே அவர் கற்பித்தது என்ன? 'நான்' என்பது ஒரு பொருளன்று; அஃது ஒரு செயல். மேசையும் நாற்காலியும் இருப்பது போல 'நான்' எங்கோ இருந்து, பின்னர் செயல்படத் தொடங்குவதில்லை. செயல்படுவதே அதன் இருப்பு. இந்த 'நான்' என்பது பிக்டே என்னும் தனி மனிதரின் 'நான்' அன்று. அறிவுடைய எல்லோரிடத்தும் தொழிற்படும் பொதுவான தன்மை. தம்மத்தைக் கற்றவர்கள் முதற்பகுதியைக் கேட்டதும் தலையசைப்பார்கள். தறியில் பாவும் ஊடையும் சேரும் தொழிலுக்கு அப்பால் 'துணித்தன்மை' என்று ஒரு பொருளை எவரும் கண்டதில்லை. ஆயினும் பிக்டே அத்துடன் நிற்கவில்லை. அச்செயலாகிய 'நான்' என்பதையே அறிவு முழுவதற்கும் அடித்தளமாக வைத்தார். பொருளாக இருந்த 'நான்' போயிற்று. அடித்தளமாகிய 'நான்' வந்தது.

1798-இல் அவர் தாம் துணையாசிரியராக இருந்த தத்துவ இதழில் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். உலகில் தெய்வ ஆட்சி உண்டென்று நாம் நம்புவதற்குக் காரணம் யாது என்பது அதன் பொருள். அதன் சாரம் வருமாறு: கடமையைக் கடமைக்காகவே செய்கின்ற மனிதன், நற்செயல் வீண்போகாது என்னும் நம்பிக்கையைத் தன் செயலிலேயே கொண்டிருக்கிறான். நன்மை நன்மையையே விளைவிக்கும் அந்த அற ஒழுங்கே தெய்வம். அவ்வொழுங்குக்குப் பின்னால் அதனை நடத்தும் ஓர் ஆளை வைக்கத் தேவையில்லை. வைத்தாலோ பெருந்தவறு நேரும். ஏனெனில், ஆள் என்றாலே எல்லை உண்டு. 'நான்' என்று ஒருவன் தன்னை அறிய வேண்டுமானால், 'நான் அல்லாதது' ஒன்று அவன் எதிரே நிற்க வேண்டும். மனிதரைப் போல உணர்வும் ஆள்தன்மையும் கடவுளுக்கு உண்டென்று சொல்பவன், கடவுளைப் பெருமைப்படுத்தவில்லை. தன்னைப் போன்ற எல்லைக்குட்பட்ட ஒருவராகச் சிறுமைப்படுத்துகிறான்.

நண்பர்களே, இவ்வாதத்தை நிதானமாக இருமுறை படியுங்கள். கடவுளைப் பழித்து எழுந்த வாதமன்று இது. 'நான்' என்பதன் இயல்பை ஆராய்ந்ததன் விளைவு. 'நான்' எல்லையின்றி இருக்க முடியாது என்று கண்டவுடன், எல்லையற்றவருக்கு 'நான்' இருக்க முடியாது என்னும் முடிவு தானே வந்து சேர்ந்தது.

அரசாங்கங்கள் வாதத்தை வாதத்தால் எதிர்க்கவில்லை. அவ்வாண்டின் இறுதியில் சாக்சனி அரசு அவ்விதழைப் பறிமுதல் செய்ய ஆணையிட்டது. தன் நாட்டு மாணவர்களை யேனாவுக்கு அனுப்பாமல் தடுப்பதாகவும் அச்சுறுத்தியது. பிக்டே 1799-இல் பொதுமக்களுக்கு முறையீடு ஒன்றை அச்சிட்டு, தம்மை நாத்திகர் என்போரே, இன்பம் வழங்கும் எசமானரைக் கடவுளாக வழிபடுகின்றனர் என்று திருப்பித் தாக்கினார். தம்மை வெளிப்படையாகக் கண்டித்தால் பதவி விலகுவதாகவும் அரசுக்குக் கடிதம் எழுதினார். வைமார் அரசு கண்டனமும் செய்தது. கடிதத்தையே விலகல் விண்ணப்பமாக ஏற்றும் கொண்டது. அற ஒழுங்கே தெய்வம் என்றவர் வேலையிழந்து பெர்லின் நகருக்குப் போனார்.

பின்னாளில் பிக்டேயின் கருத்து வேறொரு திசையில் வளர்ந்தது. 1806-இல் பெர்லினில் பேரின்ப வாழ்வைப் பற்றி அவர் ஆற்றிய சொற்பொழிவுகளில், தனி 'நான்' தானாக ஏதோ ஒன்றாக விளங்க வேண்டும் என்று விரும்பும் வரையில் உண்மை வாழ்வு அதனிடம் வாராது. அவ்விருப்பத்தைத் துறந்த இடத்திலேயே தெய்வ வாழ்வு தொடங்கும் என்று போதித்தார். எல்லாவற்றிற்கும் அடித்தளமாக 'நான்' என்பதை நிறுவிய அதே மனிதர், பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் 'நான்' துறவைப் பேசினார்.

அவருடைய குறையையும் மறைத்தலாகாது. எல்லா மனிதரிடத்தும் ஒரே 'நான்' தொழிற்படுகிறது என்று பின்னர் கற்பித்த அவர், 1793-இல் பிரெஞ்சுப் புரட்சியை ஆதரித்து எழுதிய நூலில் யூதர்களுக்குக் குடியுரிமை வழங்குவதைக் கொடிய சொற்களால் எதிர்த்தார். பிறப்பின் பெயரால் இழிவு சுமந்த நாம் இதனைப் படிக்கும்போது நெஞ்சு நோகாதிராது. ஆனால் பெர்லின் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தபோது, தாக்கப்பட்ட ஒரு யூத மாணவனின் பக்கம் நின்று, தம் சக ஆசிரியர்கள் அவனுக்கும் தண்டனை விதித்ததை ஏற்காமல் 1812-இல் அப்பதவியிலிருந்து விலகினார். 'எல்லோரும் ஒன்று' என்னும் தத்துவம் ஏட்டில் இருப்பதால் மட்டும் உள்ளம் தூய்மை பெறாது. எதிரே நிற்கும் ஒரு மனிதனுக்காகத் தன் நலத்தை இழக்கும் செயலே தத்துவத்தின் உரைகல் என்பதனை இவ்விரண்டு நிகழ்ச்சிகளும் ஒருங்கே உணர்த்துகின்றன. 1814 சனவரியில், போரில் காயமுற்ற வீரர்களுக்குப் பணிவிடை செய்த மனைவியாரிடமிருந்து தொற்றிய காய்ச்சலால் பிக்டே காலமானார்.

3. ஹெகல்: தன்னை இழந்து தன்னைக் காணல்

ஷெல்லிங் என்னும் ஞானி 1809-இல், கடவுளும் தம்முள்ளேயே தாம் அல்லாத ஓர் இருண்ட அடிநிலையை வென்றுதான் ஆளாக விளங்க முடியும் என்று எழுதினார். ஆள்தன்மைக்கு எதிர்ப்பொருள் வேண்டும் என்னும் பிக்டேயின் கருத்தை அவரும் ஒப்புக்கொண்டு, அவ்வெதிரைக் கடவுளுக்குள்ளேயே வைத்தார் எனலாம். அவருடைய மாணவப் பருவத் தோழர் ஹெகல் இதனை இன்னும் விரித்தார்.

ஹெகல் 1770-இல் பிறந்தவர். 1807-இல் அவர் வெளியிட்ட 'ஆவியின் தோற்றவியல்' என்னும் நூலில் ஆண்டானும் அடிமையும் பற்றிய பகுதி பெயர் பெற்றது. தனியே நிற்கும் 'நான்' தன்னைத் தானே அறிய முடியாது. மற்றொரு 'நான்' தன்னை மதித்து ஏற்கும்போதே அது தன்னை அறிகிறது. ஆண்டான் அடிமையிடமிருந்து மதிப்பை வற்புறுத்திப் பெறுகிறான். ஆனால் தான் மதியாத ஒருவன் தரும் மதிப்பு அவனுக்கு நிறைவளிப்பதில்லை. அடிமையோ, தன் உழைப்பால் பொருளுக்கு உருவம் கொடுத்து, அவ்வுருவத்தில் தன் ஆற்றலைக் காணத் தொடங்குகிறான். இயந்திரத்தின் முன் வாழ்நாளைக் கழித்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

இதே முறையைச் சமயத்துக்கும் ஹெகல் பொருத்தினார். பெர்லினில் 1821, 1824, 1827, 1831 ஆகிய நான்கு ஆண்டுகளில் சமயத் தத்துவத்தைப் பற்றி விரிவுரை நிகழ்த்தினார். மனிதனுக்கு அப்பால் விண்ணிலே தனித்து நிற்பவர் உண்மைக் கடவுளாகார். எல்லையுள்ளதற்கு வெளியே நிற்கும் 'எல்லையற்றது', எல்லையுள்ளதையே தனக்கு எல்லையாகப் பெற்று விடுமன்றோ? ஆகவே கடவுள் உலகிலும் மனித அறிவிலும் இறங்கி, மனிதர் தம்மை அறிவதன் வாயிலாகவே தாமும் தம்மை அறிகிறார் என்பது ஹெகலின் முடிவு. கிறிஸ்தவர் போற்றும் அவதாரத்தையும் சிலுவை மரணத்தையும் அவர் இக்கருத்தின் உருவகமாகவே விளக்கினார்.

அதே நகரில் ஷ்லையர்மாகர் என்னும் சமய அறிஞர், சமயத்தின் உயிர் அறிவன்று, முழுச் சார்புணர்ச்சியே என்று போதித்து வந்தார். சார்புணர்ச்சியே சமயமானால் எசமானனை அண்டி வாழும் நாயே சிறந்த கிறிஸ்தவனாகும் என்று ஹெகல் 1822-இல் கேலி செய்தார். சொல் கடுமையானதே. ஆனால் அதனுள் ஒரு நியாயம் உண்டு. அடிமை மனப்பான்மைக்கு ஏற்ற கடவுள் எசமானனாகவே இருப்பான். விடுதலை பெற்ற மனிதன் அத்தகைய கடவுளை ஏற்க மாட்டான்.

அவ்விரிவுரைகளில் ஹெகல் பௌத்தத்தையும் குறிப்பிட்டார். தன்னுள் அடங்கி நிற்கும் சமயம் என்று அதற்குப் பெயரிட்டு, சமயங்களின் வளர்ச்சியில் தொடக்கப் படிகளில் ஒன்றாக அதனை வைத்தார். 'இன்மை' என்பதைப் பௌத்தர் இறுதியாகக் கொள்வது, ஒன்றுமே இல்லை என்னும் கருத்தில் அன்று. இன்னதென வரையறுக்கப்பட்ட எப்பொருளும் அஃதன்று என்னும் கருத்திலேயே என்று அவர் நியாயமாகவே விளக்கினார். ஆனால் அவர் கையிலிருந்தவை பெரும்பாலும் பயணிகளும் சமயப் பரப்பாளர்களும் எழுதிய குறிப்புகளே. பூர்னூப் என்னும் பிரெஞ்சு அறிஞரின் பெருநூல் 1844-இல்தான் வெளிவந்தது. ஹெகல் 1831-இலேயே மறைந்தார். தாம் விரும்பியபடியே பெர்லினில் பிக்டேயின் கல்லறைக்கு அருகில் அடக்கம் செய்யப்பட்டார். பௌத்தத்தில் எண்மார்க்கம் என்னும் வழி உண்டென்பதையும், 'நான்' இன்மை என்பது செயலற்றுக் கிடத்தலன்று, பற்றின்றிச் செயலாற்றல் என்பதையும் அவர் அறிய வாய்க்கவில்லை.

4. காலியான சிம்மாசனம்

ஹெகலின் சொற்பொழிவுகளைக் கேட்ட மாணவர் லுத்விக் பாயர்பாக். தனி ஆன்மாவின் அழியாமையை மறுத்து 1830-இல் பெயரின்றி ஒரு நூல் வெளியிட்டதனால் பல்கலைக்கழகப் பதவிகள் அவருக்கு அடைபட்டன. ஆன்மாவை முதலில் மறுத்த அவர், பதினோராண்டுகளுக்குப் பின் கடவுளுக்கு வந்தார். 1841-இல் வெளிவந்த 'கிறிஸ்தவத்தின் சாரம்' என்னும் நூலில், ஹெகலின் கோட்பாட்டைத் தலைகீழாகத் திருப்பினார். கடவுள் மனிதனில் தம்மை அறியவில்லை. மனிதனே கடவுள் என்னும் கண்ணாடியில் தன்னைக் காண்கிறான். அன்பு, அறிவு, நீதி ஆகியவை மனித இனத்தின் உயர்குணங்கள். அவற்றைத் தன்னிடமிருந்து பிரித்து வானத்தில் ஓர் ஆளாக நிறுத்தி, பின்னர் அவற்றையே அவ்வாளிடம் கையேந்திக் கேட்கிறான்.

இத்துடன் கதை முடிந்ததா? இல்லை. 1844-இல் மாக்ஸ் ஸ்டிர்னர் என்னும் புனைபெயருடைய பள்ளி ஆசிரியர் ஒருவர் ஒரு நூல் வெளியிட்டார். 'கடவுளை இறக்கிவிட்டு "மனிதம்" என்பதைப் புதிய கடவுளாக ஏற்றிவிட்டீரே!' என்பது பாயர்பாக்கின் மீது அவர் சாட்டிய குற்றம். அது பொருத்தமான கேள்விதான். ஆனால் அவர் கண்ட தீர்வு என்ன? கடவுளும் வேண்டாம், மனிதமும் வேண்டாம், ஒப்பற்ற 'நானே' எனக்கு எல்லாம். உலகம் என் உடைமை என்று முழங்கினார்.

அறுபத்து மூன்று ஆண்டுப் பயணத்தின் இறுதியில் நிகழ்ந்தது இதுதான். சிம்மாசனத்திலிருந்து கடவுள் இறங்கினார். சிம்மாசனம் அப்படியே இருந்தது. 'நான்' ஏறி அமர்ந்தது.

5. நமக்குரிய படிப்பினை

டாக்டர் அம்பேத்கர் அவர்கள் 1956-இல் மறைந்த பின், 1957-இல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' என்னும் நூலில், பிற சமயங்களில் கடவுள் வகிக்கும் இடத்தைத் தம்மத்தில் ஒழுக்கம் வகிக்கிறது என்று போதித்திருப்பதை நீங்கள் அறிவீர்கள். பிக்டே 1798-இல் கூறியதும் இதற்கு அணுக்கமானதே. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. பிக்டே அற ஒழுங்கைத் தெய்வம் என்றே அழைத்தார். தம் அறிவின் அடித்தளத்தில் 'நான்' என்பதை வைத்தார். தம்மமோ ஒழுக்கத்துக்குத் தெய்வம் என்னும் பெயரைச் சூட்டவில்லை. அதனடியில் நிலையான 'நான்' ஒன்றை நாட்டவும் இல்லை.

முதற்கேள்விக்கு விடை இங்கே கிடைக்கிறது. காவலாளிக்கு அஞ்சித் திருடாதவன் ஒழுக்கமுடையவன் அல்லன். காவலாளி உறங்கும் நேரத்தை நோக்கி இருப்பவன். பிறர் துன்பம் தன் துன்பமே எனக் கண்டு திருடாதவனே சீலமுடையவன். அவனுக்கு மேலே காவலாளி தேவையில்லை.

இரண்டாம் கேள்விக்கும் விடை உண்டு. நேற்றைய செயல் இன்றைய மனத்தை உருவாக்குகிறது. இன்றைய செயல் நாளைய மனத்தை உருவாக்குகிறது. பாவில் ஓரிழை அறுந்தால், அதன் குறை பின்னே நெய்யப்படும் முழத்திலும் தொடர்ந்து காணப்படும். அதற்கு அழியாத ஆன்மா ஒன்று துணிக்குள் ஒளிந்திருக்க வேண்டியதில்லை; நெசவின் தொடர்ச்சியே போதும். பொறுப்பு என்பது அத்தொடர்ச்சியைச் சேர்ந்தது.

ஆனால் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய மூன்றாவது கேள்வி ஒன்று எஞ்சுகிறது. வீட்டிலிருந்த தெய்வப் படங்களை எடுத்து வைத்துவிட்டோம். அந்த மாடத்தில் இப்போது அமர்ந்திருப்பது யார்? சங்கக் கூட்டத்தில் தலைமை இடம் கிடைக்காததற்காகப் பகை கொள்பவன், தன் மனைவியை அடிமையாக நடத்துபவன், தன்னினும் எளிய பிரிவினரைத் தாழ்வாகப் பேசுபவன், இவர்கள் கடவுளை நீக்கியவர்கள்தாம். ஆனால் ஸ்டிர்னரைப் போலத் தம் 'நான்' என்பதை அம்மாடத்தில் ஏற்றி வைத்தவர்கள். கடவுளை மறுப்பது ஒரு நாள் வேலை. 'நான்' என்பதை மறுப்பது வாழ்நாள் வேலை. முதல் வேலையை மட்டும் செய்துவிட்டுப் பௌத்தன் என்று பெயர் பூணுபவன் பாதி வழியில் நின்றவனே.

பகவான் புத்தர் காட்டிய வழி, கடவுள் அமர்ந்த இடத்தில் 'நான்' என்பதை அமர்த்தும் வழியன்று. அந்தச் சிம்மாசனத்தையே அகற்றும் வழி. தானம் கொடுக்குங்கால் 'நான் கொடுத்தேன்' என்னும் எண்ணத்தையும் சேர்த்துக் கொடுங்கள். சீலம் காக்குங்கால் 'நான் தூயவன்' என்னும் செருக்கையும் விலக்குங்கள். ஜெர்மானிய ஞானிகள் பெருநூல்களில் தேடியதை நாம் நாள்தோறும் சிறு செயல்களில் பழகலாம்.

சிந்தனைக்குரிய வினாக்கள்

(வாரக் கூட்டங்களில் இருவர் இருவராக அமர்ந்து விவாதிக்க.)

1. ஆன்மாவையும் கடவுளையும் பற்றிய நிரூபணங்களைக் கான்ட் எவ்வாறு மறுத்தார்? அவர் அவ்விரண்டையும் மீண்டும் ஏற்றதற்குக் காரணம் யாது?

2. ஆள்தன்மை உடைய கடவுள் எல்லைக்குட்பட்டவரே என்னும் பிக்டேயின் வாதத்தை உங்கள் சொந்தச் சொற்களில் கூறுக.

3. ஆண்டான் அடிமையிடமிருந்து பெறும் மதிப்பு ஏன் அவனுக்கு நிறைவளிப்பதில்லை? உங்கள் தொழிலிடத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டுத் தருக.

4. பாயர்பாக்கை ஸ்டிர்னர் குறை கூறியது சரியா? ஸ்டிர்னரின் தீர்வில் உள்ள குற்றம் யாது?

5. சென்ற வாரத்தில் 'நான்' என்னும் செருக்கினால் நீங்கள் பேசிய ஒரு சொல்லை நினைவுகூருங்கள். இதற்கு விடையை எவரிடமும் சொல்ல வேண்டியதில்லை.

எல்லா உயிர்களும் நலம் பெறுக.